கய்-ஓயி: ஜப்பானியச் சிப்பி ஜோடி விளையாட்டு, சிப்பி தேர்விலிருந்து ஆட்டம் வரை ஒரு முழு வழிகாட்டி

ஹமாகுரி என்ற மட்டியின் இரண்டு ஓடுகளையும் பிரித்து, நூற்றுக்கணக்கான மற்ற ஓடுகளோடு கலந்துவிட்டாலும், ஓர் ஓட்டுக்குச் சரியாகப் பொருந்துவது அதன் பிறவி ஜோடி ஒன்றுதான். கய்-ஓயி என்ற ஜப்பானிய விளையாட்டு முழுவதும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது. இன்று பரவலாகக் கய்-அவாசே என்ற பெயரில் அறியப்படுவதும் இதுதான்.

படங்களில் பார்த்தவர்களுக்கு நினைவில் நிற்பது ஓட்டின் உட்புறத்துத் தங்கப் பூச்சும் நுணுக்கமான ஓவியமும். ஆடும்போது அந்த ஓவியம் யார் கண்ணிலும் படாது. ஓடுகள் எல்லாம் கவிழ்ந்து கிடக்கும். முதுகில் உள்ள வரிகளையும் நிறத்தையும் பார்த்தே ஜோடியைப் பிடிக்க வேண்டும். எடுத்தது சரிதானா என்று தீர்ப்புச் சொல்லத்தான் ஓவியம். இதை மறந்துவிட்டு ஓவியத்துக்கே உழைப்பையெல்லாம் கொட்டித் தயாரிக்கும் செட்டுகள் அலமாரிக்கு அழகு சேர்க்கும், ஆட்டத்துக்கு உதவாது. அதனால் இந்த வழிகாட்டி சிப்பியைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கே அதிக இடம் கொடுக்கிறது.

எங்கிருந்து வந்தது

ஜப்பானின் ஹெய்யான் காலத்து (794–1185) அரசவையில் இரண்டு அணிகளாகப் பிரிந்து பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்கும் போட்டிகள் பல வகை இருந்தன. பூ, வேர், விசிறி என்று எதையும் வைத்துப் போட்டி நடக்கும். அழகான, அரிய சிப்பிகளைக் கொண்டுவந்து, அவற்றோடு வாகா என்ற ஜப்பானியக் குறுங்கவிதையும் சேர்த்து வைத்து எது மேல் என்று தீர்ப்பளிப்பது அவற்றில் ஒன்று. 1040ஆம் ஆண்டு இசே ஆலயப் பணிக்கு அனுப்பப்பட்டிருந்த இளவரசி யோஷிகோ முன்னிலையில் நடந்த சிப்பிப் போட்டி பதிவாகியிருக்கிறது. கய்-அவாசே என்பது முதலில் இதற்கான பெயர். ஹெய்யான் காலத்தின் கடைசியில் ஜோடி சேர்க்கும் கய்-ஓயி தனி விளையாட்டாக வளர்ந்தது. நாளடைவில் பழைய பெயர் இதற்கும் ஒட்டிக்கொண்டது.

12ஆம் நூற்றாண்டுத் துறவிக் கவிஞர் சாய்க்யோ, இசேயின் ஃபுதாமி கடற்கரையில் சிறுமிகள் கூடி ஹமாகுரிகளைப் பொறுக்கிச் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, தலைநகரில் சிப்பி ஆட்டத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், அதற்காகத் தேர்ந்தெடுத்து எடுக்கிறோம் என்று பதில் கிடைத்ததாம். இதைத் தன் கவிதை ஒன்றின் முன்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளாமல் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஏன் ஒன்று மட்டும் பொருந்துகிறது

மட்டியின் இரண்டு ஓடுகளையும் உள்ளிருக்கும் சதைத் திரை சிறிது சிறிதாக விளிம்பில் சுண்ணாம்பு சேர்த்து வளர்க்கிறது. குஞ்சாக இருக்கும்போதே இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று தொட்டபடிதான் வளர்கின்றன. ஒருபக்கம் சின்னச் சில்லு பெயர்ந்தால் மறுபக்கம் அதற்கேற்ப வளையும். கீல் பகுதியிலும் அப்படித்தான்: ஓர் ஓட்டின் பற்கள் மறு ஓட்டின் குழிகளில் உட்காரும்.

அதனால் பொருத்தம் பார்ப்பதற்கு விளிம்பைவிடக் கீல்தான் நம்பகமானது. ஒரே அளவுள்ள வேறு ஓட்டை வைத்தால் விளிம்பு ஏறக்குறைய சேர்ந்ததுபோல் தோன்றும். மெதுவாக அழுத்தி, கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பிறவி ஜோடி அசையாது. வேற்று ஓடு ஆடும், அல்லது விளக்குக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் கசியும். பலமாக அழுத்திப் பொருத்த முயலாதீர்கள். பல் உடைந்துபோனால் பிறகு உண்மையான ஜோடிகூடப் பொருந்தாது.

முதல் வேலை: சிப்பி

மரபான சிப்பி மெரெட்ரிக்ஸ் லுசோரியா என்ற உள்விரிகுடா ஹமாகுரி. மியே மாகாணத்தின் குவானா இதற்குப் பெயர்போனது. கடல்நீர் ஏறி வடியும் சேற்று நிலங்கள் தூர்க்கப்பட்டதால் இந்த இனம் வெகுவாகக் குறைந்தது. குவானாவில் ஒருகாலத்தில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் கிடைத்தது. 1995இல் ஒரு டன்கூடத் தேறவில்லை. குஞ்சு பொரித்து விட்டு, பிடிப்புக்குக் கட்டுப்பாடு வைத்து மீனவர்கள் அதை ஓரளவு மீட்டிருக்கிறார்கள். 2012இல் ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்த இனத்தை அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. இன்று ஜப்பானியச் சந்தையில் ஹமாகுரி என்று விற்பனையாவதில் பெரும்பகுதி சீன, கொரியக் கரைகளின் மெரெட்ரிக்ஸ் பெட்டெக்கியாலிஸும் திறந்த பசிபிக் கரையின் மெரெட்ரிக்ஸ் லமார்க்கியும்தான். இரண்டும் ஆட்டத்துக்கு உதவும்.

தமிழ்நாட்டுக் கழிமுகங்களில் கிடைக்கும் மட்டியும் இதே மெரெட்ரிக்ஸ் பேரினம்தான். அளவு சிறியது, பெரும்பாலும் 3 முதல் 5 செ.மீ. பழகுவதற்கு அது தாராளமாகப் போதும். கரையில் ஒதுங்கிய கிளிஞ்சலைப் பொறுக்கினால் ஜோடி அமையாது. ஓடு மூடியிருக்கும் உயிருள்ள மட்டியாகவே வாங்க வேண்டும்.

எத்தனை வேண்டும்? முழுச் செட்டு 360 ஜோடி. ஆண்டின் நாட்களோடு சேர்த்து இந்த எண்ணைச் சொல்வார்கள். வீட்டில் ஆட 31 ஜோடி போதும், நான்கு பேர் ஆடினால் 57. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது அடுக்கும் முறையைப் பார்க்கும்போது புரியும். தேவையைவிட இரண்டு மடங்கு வாங்குங்கள். பாதி கழிந்துபோகும்.

வேகவைக்கும்போதுதான் அதிகம் கெடுகிறது. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால், கீலைப் பிணைக்கும் நார் தளர்ந்து ஓடுகள் பாத்திரத்துக்குள்ளேயே பிரிந்துவிடும். பிறகு அறுபது பாதிகளை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஜோடி தேட வேண்டியிருக்கும். ஐந்தாறாகப் போடுங்கள். வாய் திறந்த உடனே ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். சதையை வழித்து எடுத்ததும், நார் ஈரமாக இருக்கும்போதே சின்னக் கத்தியால் அறுத்து, இரண்டு ஓடுகளின் உட்புறத்திலும் கீலுக்குக் கீழே ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். எண் எழுதிய பிறகே அடுத்த மட்டியில் கை வையுங்கள். நார் காய்ந்துவிட்டால் கல்போல் இறுகும். அதை உடைக்கும்போது, கீலுக்கு மேலே புடைத்திருக்கும் மூக்குப் பகுதி பெயரும். அறுத்த நாரின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓடு சரியாக மூடாது, சுரண்டி எடுத்துவிடுங்கள்.

சுத்தம் செய்ய: இரண்டு நாள் நல்ல தண்ணீரில், காலையும் மாலையும் தண்ணீர் மாற்றி ஊறவைக்கவும். தசை ஒட்டியிருந்த வட்டத் தடங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்க்கவும். நாற்றம் போகாவிட்டால் கொஞ்சம் சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம். எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் கூடாது. புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். விளிம்பு தேய்ந்தால் பொருத்தம் போய்விடும். பிளீச்சிங் பவுடர் ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பளபளப்புத் தோலை அரித்துவிடும், வரிகள் வெளிறும். நிழலில் மூன்று நான்கு நாள் உலரட்டும். வெயிலில் வைத்தால் அந்தத் தோல் வெடித்து உரியும்.

ஆட்டத்துக்கு ஏற்றதைப் பிரித்தெடுத்தல்

காய்ந்த ஓடுகளை ஜோடி ஜோடியாகப் பரப்பி, முதுகைப் பார்த்து நான்கு குவியலாகப் பிரியுங்கள். வரியோ புள்ளியோ பளிச்சென்று உள்ளவை ஒன்று. மங்கலான வளையங்களும் ஓரிரு கோடுகளும் உள்ளவை இரண்டாவது. ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பிபோல் தோன்றுபவை மூன்றாவது. வரியே இல்லாமல் ஒரே பழுப்பாக உள்ளவை நான்காவது. இவற்றைக் கழித்துவிடுங்கள், அவற்றில் பார்க்க எதுவும் இல்லை.

31 ஜோடிச் செட்டுக்கு முதல் குவியலிலிருந்து 10, இரண்டாவதிலிருந்து 15, மூன்றாவதிலிருந்து 6 என்பது நல்ல கலவை. எல்லாமே பளிச்சென்று இருந்தால் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எல்லாமே ஒன்றுபோல் இருந்தால் ஆடுபவர்கள் குருட்டாம்போக்கில் எடுக்கத் தொடங்குவார்கள்.

அகலத்தையும் அளந்துவிடுங்கள். செட்டுக்குள் வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் வரியைப் பார்க்காமலேயே அளவை வைத்துப் பிடித்துவிடலாம். விளிம்பில் சில்லு போனவற்றையும் இதே காரணத்துக்காகக் கழிக்க வேண்டும்.

இப்போது இடம், வலம் பிரிக்க வேண்டும். ஓட்டின் முதுகு உங்களைப் பார்க்க, மூக்கு மேலே இருக்கும்படி பிடியுங்கள். நார் இருந்த தடம் மூக்குக்கு வலப்பக்கம் தெரிந்தால் அது இட ஓடு. இடப்பக்கம் தெரிந்தால் வல ஓடு. மரபில் வல ஓடுகள் தரையில் பரப்பும் ஜிகய், இட ஓடுகள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் தாஷிகய். இதில் ஒன்றிரண்டு மாறிப்போனால் ஆட்டத்தின் நடுவில்தான் தெரியவரும்: தரையில் ஜோடியே இல்லாத ஓடு கைக்கு வரும், எல்லோரும் வீணாகத் தேடுவார்கள்.

உட்புற ஓவியம்

பழைய முறையில், கிளிஞ்சலை அரைத்துச் செய்யும் கோஃபுன் என்ற வெண்பொடியை நிகாவா என்ற விலங்குப் பசையில் குழைத்து அடித்தளம் பூசுவார்கள். அதன்மேல் தங்கத் தகடு, அதன்மேல் கனிம நிறங்கள். பசை கூடிவிட்டால் காயும்போது பூச்சு சுருங்கி வெடிக்கும், குறைந்துவிட்டால் விரலில் மாவாக ஒட்டும். பழகாதவர்கள் வெள்ளை அக்ரிலிக் கெஸ்ஸோவில் தொடங்குவதே நல்லது.

உட்புறத்தை 400ஆம் எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைக்கவும். வழவழப்பு போனால்தான் பூச்சு பிடிக்கும். கெஸ்ஸோவை இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசி, ஒரு நாள் காயவிடவும். விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே நிறுத்திக்கொள்ளுங்கள், கீல் பற்களின் பக்கமே தூரிகை போகக்கூடாது. பற்குழியில் ஒரு துளி நிறம் காய்ந்தாலும் ஓடு மூடாது. சரியான ஜோடியைத் தவறென்று சொல்லிவிடுவீர்கள். விளிம்பில் தங்கக்கோடு வேண்டுமானால் மேல்முனையைத் தொடாமல் உட்சரிவில் இடுங்கள். செயற்கைத் தங்கத் தகடு உண்மையில் பித்தளை. கடற்காற்றில் கறுக்கும், அதனால் அதற்கு மேல் வார்னிஷ் கட்டாயம்.

படம் இரண்டு ஓட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், ஜோடிக்கு ஜோடி வேறாக இருக்க வேண்டும். பருவப் பூக்கள், பறவைகள், கெஞ்சி கதை என்ற பழைய ஜப்பானியப் புதினத்தின் 54 அத்தியாயங்களிலிருந்து காட்சிகள் ஆகியவை மரபான பொருள்கள். சில செட்டுகளில் படத்துக்குப் பதிலாக ஓர் ஓட்டில் வாகாவின் மேல்பாதியும் மறு ஓட்டில் கீழ்ப்பாதியும் இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்த சீட்டு இந்தப் பழக்கத்தோடு சேர்ந்துதான் கவிதைச் சீட்டான உதா-கருதா பிறந்தது. இன்றும் புத்தாண்டில் ஆடப்படும் நூறு கவிதைச் சீட்டில், ஒருவர் வாசிக்கும் சீட்டு தாஷிகய்யின் வேலையையும் தரையில் பரப்பிய சீட்டு ஜிகய்யின் வேலையையும் செய்கின்றன.

அடுக்கும் முறை

ஜிகய்களைக் கவிழ்த்து, நடுவில் வெற்றிடம் விட்டு வட்ட வட்டமாக வைக்க வேண்டும். உள்வட்டத்தில் 12. அடுத்த ஒவ்வொரு வட்டத்திலும் 7 கூடும்: 19, 26, 33, 40, 47, 54, 61, 68. ஒன்பது வட்டமும் சேர்ந்தால் சரியாக 360. முதல் இரண்டு வட்டம் 31, மூன்று வட்டம் 57, நான்கு வட்டம் 90. வீட்டுச் செட்டின் எண்ணிக்கையை இப்படித்தான் தீர்மானிக்க வேண்டும். கடைசி வட்டம் அரைகுறையாக நின்றால் அடுக்கே கோணலாகும்.

ஏழு ஏழாகக் கூட்டுவது எவ்வளவு கச்சிதமான கணக்கு என்பதை அளந்து பார்த்தால் தெரியும். 7 செ.மீ. அகலமுள்ள ஓடுகளை 9 செ.மீ.க்கு ஒன்றாக வைத்தால், உள்வட்டத்தின் குறுக்களவு சுமார் 34 செ.மீ., அடுத்தது 54, அதற்கடுத்தது 74. வட்டத்துக்கும் வட்டத்துக்கும் 10 செ.மீ. இடைவெளி தானாகவே அமைந்துவிடுகிறது. ஒன்பதாவது வட்டம் ஏறக்குறைய 195 செ.மீ. வரும். நம்மூர் மட்டியில் 4 செ.மீ. ஓடுகளை 5.5 செ.மீ.க்கு ஒன்றாக வைத்தால் 21, 33, 46 செ.மீ. என்று மூன்று வட்டம் ஒரு பெரிய தாம்பாளத்துக்குள் அடங்கும்.

கீழே கெட்டித் துணி விரியுங்கள். வெறுந்தரையில் ஓடு சறுக்கும், எடுக்கும்போது பக்கத்து ஓட்டில் இடித்துச் சில்லு பெயரும். எல்லா ஓடுகளின் மூக்கும் நடுவைப் பார்க்கட்டும். வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்தால் பளபளப்பில் வரி மறையும். பக்கவாட்டு வெளிச்சம்தான் வரியை எடுத்துக்காட்டும்.

ஆட்டம்

ஒருவர் தாஷிகய்களைப் பொறுப்பில் வைத்துக்கொள்கிறார். மற்றவர்கள் வட்டத்தைச் சுற்றி உட்காருகிறார்கள். அவர் ஓர் ஓட்டை எடுத்து, உட்புறத்தை யாருக்கும் காட்டாமல் நடுவில் கவிழ்த்து வைக்கிறார். ஜோடியைக் கண்டுபிடித்தவர் தரையிலிருந்து அந்த ஜிகய்யை எடுத்து, நடுவிலிருப்பதோடு கையில் சேர்த்துப் பார்க்கிறார். கீல் உட்கார்ந்தால் திறந்து ஓவியத்தைக் காட்டிவிட்டு ஜோடியைத் தன் பக்கம் வைத்துக்கொள்வார். பொருந்தாவிட்டால் எடுத்த ஓட்டைப் பழைய இடத்திலேயே, உட்புறம் காட்டாமல் வைக்க வேண்டும். தவறுக்கு என்ன தண்டனை என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றில் மறுபடி கை வைக்கக்கூடாது என்பது எளிய விதி. தண்டனையே இல்லாவிட்டால் வரியைப் படிக்காமல் வரிசையாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஓடு எடுத்த இடம் காலியாகவே இருக்கட்டும், நெருக்கி வைக்காதீர்கள். முடிவில் அதிக ஜோடி வைத்திருப்பவர் வென்றவர்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நடுவில் இருப்பது இட ஓடு, தரையில் இருப்பவை வல ஓடுகள். அதனால் வரி அப்படியே இருக்காது, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். நடு ஓட்டில் வலச்சரிவில் கரும்பட்டை இருந்தால் தரையில் இடச்சரிவில் பட்டை உள்ளதைத் தேட வேண்டும். இதை மனதில் திருப்பிப் பார்ப்பதற்குள் நேரம் போகும். அதனால் முதலில் திருப்பத் தேவையில்லாதவற்றைப் பாருங்கள்: அடிநிறம், மூக்கிலிருந்து கிளம்பும் கதிர்க்கோடுகளின் எண்ணிக்கை, வளர்ச்சி வளையம் திடீரென நெருங்கும் இடம், பழைய காயம் ஆறிய தழும்பு. தழும்பு பெரும்பாலும் இரண்டு ஓட்டிலும் ஒரே தூரத்தில் இருக்கும். கிடைத்தால் அதைவிட நல்ல அடையாளம் இல்லை. இவற்றை வைத்து மூன்று நான்காகக் குறைத்துக்கொண்ட பிறகே பட்டையைத் திருப்பிப் பாருங்கள். வரியின் சாயல் இரண்டு ஓட்டிலும் நூற்றுக்கு நூறு ஒத்திருக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

14ஆம் நூற்றாண்டில் துறவி கென்கோ தன் கட்டுரைத் தொகுப்பில் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொன்னது இன்றும் நல்ல பயிற்சிக் குறிப்பு. தன் முன்னால் கிடப்பதை விட்டுவிட்டு அடுத்தவர் சட்டைக்கை நிழலிலும் முழங்காலுக்கு அடியிலும் கண்ணை ஓட்டுபவர், முன்னால் கிடந்ததைப் பிறரிடம் இழக்கிறார். நன்றாக ஆடுபவரோ அருகில் இருப்பதை மட்டும் எடுப்பதுபோல் தெரிவார், கடைசியில் அதிகம் சேர்த்திருப்பார். செயலாக்கும் வழி இது: ஆட்டம் தொடங்கும் முன் உங்கள் முன்னால் உள்ள பத்துப் பன்னிரண்டு ஓடுகளை மட்டும் நன்றாகப் பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓடு விழுந்ததும் அது உங்கள் பன்னிரண்டில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டு பெட்டிகளும் திருமணமும்

ஜிகய்க்கு ஒன்று, தாஷிகய்க்கு ஒன்று என எட்டுமுகப் பெட்டிகள் இரண்டு இருக்கும். பெயர் கய்-ஒகே. ஜோடி மாறாத சிப்பி கணவன் மனைவி உறவுக்கு அடையாளமாகக் கருதப்பட்டதால், சாமுராய்ப் பெருங்குடும்பங்களில் மணப்பெண் ஊர்வலத்தின் முன்வரிசையில் இந்தப் பெட்டிகள் போகும். மணமகன் வீட்டில் இதைப் பெற்றுக்கொள்வதற்கென்றே தனிச் சடங்கு இருந்தது. 1639இல் ஜப்பானை ஆண்ட ஷோகன் இயெமித்சுவின் மகள் சியோஹிமே, மூன்று வயதுகூட நிறையாத நிலையில் ஓவாரி தொகுகாவா குடும்பத்துக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டாள். அவளுக்காக அரக்குக் கலைஞர் கோஆமி நாகாஷிகே செய்த சீர்வரிசையில் கய்-ஒகேயும் உண்டு. நகோயாவின் தொகுகாவா கலை அருங்காட்சியகத்தில் அந்தச் சீர்வரிசை தேசியப் பொக்கிஷமாகப் பாதுகாக்கப்படுகிறது. மார்ச் 3 பொம்மைத் திருநாளில் கொலுப்படியில் வைக்கும் குட்டிப் பெட்டிகளுக்கும், அன்று செய்யும் ஹமாகுரி சூப்புக்கும் இதே பொருள்தான்.

வீட்டுச் செட்டையும் இரண்டு பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஜோடியாகச் சேர்த்து வைத்தால் எடுக்கும்போதே எது எதற்கு என்று கண்ணில் பட்டு, அடுத்த ஆட்டம் கெடும். ஒவ்வோர் ஓட்டையும் மெல்லிய காகிதத்தில் சுற்றுங்கள். ஒன்றோடொன்று உரசினால் முதலில் போவது ஓவியம். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். உள்ளே ஈரம் தங்கி, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். மரப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ போதும், கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். ஆண்டுக்கு ஒருமுறை வறண்ட நாளில் எல்லாவற்றையும் நிழலில் பரப்பிக் காற்றாட விட்டு, அப்போதே ஒவ்வொரு ஜோடியையும் மூடிப் பார்த்துவிடுங்கள்.

ஓர் ஓடு தொலைந்தால் அதன் ஜோடியையும் செட்டிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். மாற்று ஓடு எங்கும் கிடைக்காது. அதனால் தொடக்கத்திலேயே நான்கைந்து ஜோடிகளைக் கூடுதலாகத் தயாரித்து, அதே அளவில் ஓவியமும் தீட்டித் தனியே வைத்துக்கொள்ளுங்கள். உடைந்தது விளிம்பு மட்டும் என்றால் ஒட்டி வைக்கலாம். கீல் பல் உடைந்திருந்தால் ஒட்டினாலும் பொருத்தம் திரும்பாது. அந்த ஜோடியை மாற்றிவிடுங்கள்.